போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்

பிள்ளை,

நீ மேலே உன் அறையில் இருக்கிறாய். நான் கீழே குசினியில், சமையல் மேசையில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். யாராவது பார்த்தால் மனுசனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று சொல்லுவார்கள். ஏறி வந்தும் பார்த்தேன். உன் கதவடியில் நின்று, "பிள்ளை, தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன். "வேண்டாம் அப்பா" என்றாய். நல்லதாய்ப் போயிற்று என்று இறங்கி வந்துவிட்டேன். அறுபத்தெட்டு வயது மனுசன் பெற்ற மகளின் முகத்தைப் பார்த்து ஒரு வசனம் சொல்லப் பயந்து தேத்தண்ணிக் கதை கதைக்கிறேன் என்றால், அந்த வசனம் எப்படிப்பட்டது என்று நீயே யோசித்துக்கொள்.

அந்த வசனம் இதுதான். நவோகி உன் அம்மாவின் குரலைக் களவெடுக்கவில்லை. அவளே மனதாரக் கொடுத்தாள். கொடுத்த நேரம் நானும் பக்கத்தில் நின்றேன். நீ கேட்டபோது இல்லை என்று சொன்னது பொய். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஆட்டைத் திவசம், முதலாம் வருடத் திவசம். ஐயர் வருவார், பிக்கரிங்கிலிருந்து உன் பெரியமாமா குடும்பத்தோடு வருவார், நான் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு அவளுடைய படத்துக்கு முன்னால் இருந்து தர்ப்பை போட வேண்டும். வயிற்றுக்குள் இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அந்தப் பலகையில் என்னால் இருக்க முடியாது.

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று, மரக்கறிக் கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் இலவசத் தமிழ்ப் பேப்பருக்கும் போகிறது. கோபிக்காதே. நான் பொய்யை ரேடியோவில் சொன்னவன். ரேடியோவில் பொய்யைச் சொல்லிவிட்டு உண்மையை உன் காதுக்குள் மட்டும் குசுகுசுத்தால் அது என்ன ஞாயம்? கேட்ட சனம் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் முருங்கைக்காய் வாங்கப் போகிறது. அவர்களும் அறியட்டும். ஆனால் முதலில் உன் கையில். நவோகியைத் தெரியாத ஆட்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சிலதையும் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நவோகி, நீ கட்டவிருந்தவன், ஜப்பானில் மின்னிசைப் பாட்டுகள் செய்கிறவன். பாடுகிறவனும் இல்லை, மேடையில் ஆடுகிறவனும் இல்லை. ஒரு கொம்பியூட்டரையும் ஒரு சின்ன கீபோர்ட்டையும் வைத்துக்கொண்டு, தாளம் முதல் மூச்சுச் சத்தம் வரை எல்லாவற்றையும் தானே கட்டி எழுப்பி, பாடுகிறவர்களின் கையில் கொடுப்பவன். நீ முதல்முதல் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, "மியூசிக் புரொடியூசர், அப்பா" என்று சொன்னாய். எனக்கு விளங்கியது கலியாண வீட்டு டிஜே. "எந்தக் கலியாண ஹோலிலை வேலை?" என்று கேட்டேன். நீ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாய். அம்மாதான், "தம்பி முதல்முதல் சம்பளம் வாங்கிச் செய்த பாட்டு என்ன பாட்டு?" என்று கேட்டு என்னைக் காப்பாற்றினாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, ரைஸ் குக்கர் என்றான். அங்கே சோறு அவிந்ததும் குக்கர் ஒரு சின்ன மெட்டு வாசிக்குமாம். அந்த மெட்டைப் போட்டவன் இவன். "சோத்துப் பானைக்குப் பாட்டுப் போட்டவனோ எங்கட மாப்பிள்ளை!" என்று நான் தமிழில் சொல்லிச் சிரித்தேன், அவனுக்கு விளங்காது என்ற தைரியத்தில். அம்மா சிரிக்கவில்லை. அதைப் பாடிக் காட்டச் சொன்னாள். அவன் கரண்டியை வைத்துவிட்டுப் பாடினான். இரண்டாம் தரம் அவளும் சேர்ந்து முணுமுணுத்தாள். அன்று தொடக்கம் அவளுக்கு அவன் நவம். ஊரில் நவரத்தினம் என்று பெயர் உள்ளவர்களைக் கூப்பிடுவது போல, "நவம், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?" என்று கேட்பாள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

குக்கருக்குப் பிறகு அவன் செய்தது எல்லாம் எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தது. மூன்று பெண்பிள்ளைகள் பாடும் ஒரு குழுவுக்குப் பாட்டுகள் செய்து கொடுத்திருக்கிறான். அந்தப் பிள்ளைகளின் குரலை வெங்காயம் அரிவது போல அரிந்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு சுருதியில் வைத்து, மனுசக் குரலா மணிச் சத்தமா என்று தெரியாதபடி ஆக்குவது அவனுடைய கைவேலை. ரெயில் நிலையம், கடை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எங்கும் அவனுடைய பாட்டுத்தானாம். பிறகு கொம்பனிக்காரர் அதே பாட்டையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். சட்டையை மாற்று, ஆளை மாற்றாதே என்கிற மாதிரி. இவனுக்குச் சலித்துவிட்டது. வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, அவன் பாவித்த மேடைப் பெயர் ஒப்பந்தப்படி கொம்பனிக்குச் சொந்தம் என்று. அந்தப் பெயரை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன், நீ வேலை செய்யும் இடத்தில் ஒரு வீடியோ கேமுக்கு இசை போட ரொறொன்ரோ வந்து, உன்னைக் கண்டு, இங்கேயே தங்கி, யாரும் அறியாத புதுப் பெடியனைப் போல மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

இது வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக, நாலு பேர் எழும்பி நின்று கதைக்கிற ஆளாக இருந்துவிட்டு, இங்கே வந்து ரெக்ஸ்டேலில் பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் "ஏய், யூ" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவன் நான். ஆனால் பார், சொந்தக்காரர் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? "மாப்பிள்ளை கொம்பியூட்டர் இஞ்சினியர்." பெரியமாமா இரண்டு தரம் கேட்டும் அதையே சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு இருந்தாய். அன்று நீ, "இல்லை மாமா, அவர் பாட்டுச் செய்கிறவர்" என்று என்னை வெட்டிப் பேசியிருக்க வேண்டும். இனியாவது பேசு. அப்பா என்பதற்காக ஒருவன் நீ கட்டப்போகிறவனின் வேலையை மறைக்க விடாதே. சின்னப் பொய்யில் பழகிய வாய்தான் பிறகு பெரிய பொய்யைச் சொன்னது.

அவனுடைய வேலை முறை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் பொய் தப்பிப் பிழைத்தது அதனால்தான். குரலைப் பதிவு செய்து, வேண்டிய துண்டுகளை வெட்டி எடுத்ததும், முழுப் பதிவை அழித்துவிடுவான். ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டான். ஏன் தம்பி இப்படிச் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். முழுதாக இருந்தால் அதையே கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவேன், துண்டு மட்டும் இருந்தால்தான் பாட்டு முன்னுக்குப் போகும் என்றான். கோழிக்கறி வைத்துவிட்டுக் கோழியைத் தேடுகிற பழக்கம் தனக்கு இல்லை என்கிறான் போல என்று அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அம்மாவின் குரலைப் பற்றி இந்தப் பேப்பரைப் படிக்கிற ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பகலில் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்தவள், காலையில் வேலைக்குப் போக முதல் தமிழ் ரேடியோவில் மரண அறிவித்தல் வாசித்தாள். வருடக்கணக்காக வாசித்தாள். "பிறப்பிடமாகவும்... வதிவிடமாகவும் கொண்ட" என்று அவள் தொடங்கினால் ஸ்காபரோவில் பல் தீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் தண்ணீரைப் பூட்டிவிட்டுக் கேட்பார்கள். கடையில் அவள் "ஒரு கிலோ கத்தரிக்காய்" என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். அவளைக் கேட்காத ஒரே மனுசன் நான்தான். விடியக்காலமை ஆரின்ர சாவெண்டு கேக்கவோ என்று சொல்லி, அவள் வாசிக்கத் தொடங்க ரேடியோவை நிப்பாட்டிவிடுவேன். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது, "அப்பா, அம்மாவை ஓஃப் பண்ணாதேங்கோ" என்று அழுதிருக்கிறாய். உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது, எனக்கு இப்போது நல்ல ஞாபகம். நாளைக்கு நீ கட்டுகிறவன் செய்கிற வேலை உனக்குப் பிடிக்காவிட்டாலும் ஒருநாளாவது முழுதாகக் கேள், பிள்ளை. நான் கேட்கவில்லை.

தமிழே தெரியாத நவோகி கேட்டான். அவள் வாசிப்பது எல்லாம் மேலே ஏறாமல் ஒரே படியில் நடந்து, கடைசியில் மட்டும் ஒரு சின்ன இறக்கம் இறங்குகிறது, இப்படிப் பாடுகிற ஆளை இதுவரை கேட்டதே இல்லை என்று சொன்னான். "நான் பாடேல்லை நவம், வாசிக்கிறன்" என்று அவள் சொன்னாள். முகம் சிவந்துவிட்டது. கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவள் முகம் அப்படிச் சிவந்து நான் கண்டது குறைவு. எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, எரிந்தது.

பிறகு அவளுக்கு வருத்தம் வந்தது, பொல்லாத நோய். மருந்து ஏற்றத் தொடங்கினால் குரல் கரகரத்துப் போகும் என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, நவோகிக்கு எடுத்தாள் போன். "குரல் போறதுக்கு முதல் வந்து எடு, நவம்." நீ அந்தக் கிழமை வேலை விசயமாக வன்கூவர் போயிருந்தாய். அவன் வந்து, ஸ்ரௌவ்வில் என்கிற இந்த ஊரில், எங்கள் வீட்டு பேஸ்மன்ற் நிலவறையில் மைக்கை வைத்தான். புது வீடு, வெறும் சுவர், சத்தம் எதிரொலித்தது. அலமாரியிலிருந்த பெரிய குளிர்காலப் போர்வையைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் விரித்துப் பிடிக்க வேண்டும் என்றான். பிடிக்க ஆள்? நான்தான். பின்னேரம் முழுக்க இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, கொடி பிடிக்கிறவன் மாதிரி அங்கே நின்றேன். தோள் விண்விண் என்று வலித்தது. அசைந்தால் அம்மா திரும்பி, "இஞ்சேருங்கோ, ஆடாமல் நில்லுங்கோ" என்று பேசினாள். நீ கேட்டாயே, நீங்கள் அங்கை இருந்தனீங்களோ என்று. இருந்தது மட்டுமில்லை, பிள்ளை. போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "செத்தவையின்ர பேர் ஒண்டும் வேண்டாம், அவையை விடு." பெயர்களையும் ஊர்களையும் விட்டுவிட்டு, இடையில் வருகிற சொற்களை மட்டும் வாசித்தாள். அன்னார். அன்பு மனைவியும். பாசமிகு தாயாரும். அன்புச் சகோதரியும். இப்படியே. பெயர் இல்லாமல் கேட்டபோது அது செத்த வீடு மாதிரியே இருக்கவில்லை. இடையில் ஒருக்கால் சிரிப்பு வந்து நிப்பாட்டினாள். அப்போது சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்கவில்லை. "இவ்வளவு காலமும் என்ர குரலைக் கேட்டாச் சனம் அழுதது. ஒருக்கா ஆடட்டுமன்! பிள்ளையின்ர கலியாணத்தில போடு, நவம். அதுவரைக்கும் அவளுக்கு மூச்சு விடாதை." நான் அதை இங்கிலீசில் அவனுக்குச் சொன்னேன். அவன் எழும்பி நின்று அவளுக்குத் தலை குனிந்து கும்பிட்டான். உனக்கு அவன் சொல்லாததற்குக் காரணம் அதுதான். கள்ளத்தனம் ஒன்றும் இல்லை, அம்மாவின் கட்டளை.

அம்மா போய்விட்டாள். வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் இல்லை என்று உன் கலியாணம் தள்ளிப்போயிற்று. மாசிமாதம் என்று நினைக்கிறேன், நவோகி தனியாக வந்து என்னோடு இந்த மேசையில் இருந்தான். ரோக்கியோவில் புதிய கொம்பனி ஒன்று அவனுடைய சொந்தப் பெயரிலேயே ஒரு இசைத்தொகுப்பு வெளியிடப்போகிறது, அம்மாவின் குரல் உள்ள பாட்டையும் அதில் சேர்க்கலாமா, கலியாணத்துக்குப் பிறகுதான் வரும் என்று கேட்டான். நான் ரீவியில் செய்தி பார்த்துக்கொண்டு இருந்தேன். "ஓம் ஓம், செய்" என்று கையை ஆட்டினேன். சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. அவன் ஆறுதலாக, மெல்ல மெல்ல விளங்கப்படுத்த முயன்றான். நான் ரீவியையே பார்த்தேன்.

கொம்பனிக்காரர் அவனுக்குச் சொல்லாமல், ஆட்களுக்கு ஆசை காட்டுவதற்கு, அந்த ஒரு பாட்டை முந்தியே விட்டுவிட்டார்கள். மார்க்கம் என்கிற பக்கத்து ஊரில் ஒரு பிறந்தநாள் விழாவில் பெடியள் அதைப் போட்டு ஆடியிருக்கிறார்கள். அங்கே ஒரு அன்ரி சாப்பிட்டுக்கொண்டு இருந்தாராம். அவருடைய மனுசனின் அறிவித்தலை உன் அம்மா வாசித்தவள். அந்தக் குரலைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டார். அடுத்த நாள் பெரியமாமா போன் எடுத்தார். "மச்சான், உதென்ன கூத்து? தங்கச்சி செத்து வருசம் திரும்பேல்லை, அவளின்ர குரலுக்குப் பெடியள் குத்துக்கரணம் அடிக்கிறாங்கள்! உமக்குத் தெரிஞ்சோ நடந்தது?"

இந்த இடத்தில் நான் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கொஞ்ச நாள் சனம் கதைத்திருக்கும், பெரியமாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பார், பிறகு யாராவது வீட்டில் வேறு ஒரு கூத்து நடந்திருக்கும். ஆனால் எனக்கு வெட்கம். மனுசி சாகக் கிடக்க, பேஸ்மன்றில் போர்வை பிடித்துப் பாட்டு எடுத்தவன் என்று என்னைச் சொல்லுவார்கள் என்ற பயம். "எனக்கொண்டும் தெரியாது அத்தான். அவளுக்கும் தெரியாது. அவன் களவா எடுத்திருக்கிறான்" என்றேன். "அப்ப உதைப் பேசாமல் விடக்கூடாது, ரேடியோவிலை சொல்லும்" என்றார். சொன்னேன். நேயர்கள் கதைக்கிற நிகழ்ச்சியில், அம்மா இத்தனை வருடம் அறிவித்தல் வாசித்த அதே ரேடியோவில், என் பெயரைச் சொல்லி, குரல் தழுதழுக்க, அவள் குரலை ஒருவன் திருடிவிட்டான் என்றேன். அறிவிப்பாளப் பிள்ளை அழுதேவிட்டாள். பிள்ளை, அந்தத் தழுதழுப்பும் நடிப்புத்தான்.

அன்று பின்னேரம் நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். நீ கதவைத் தள்ளிக்கொண்டு வந்த கோலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கோட்டுக்கூடப் போடவில்லை. "அப்பா, ஜஸ்ட் டெல் மீ. அம்மா ஓமெண்டு சொன்னவவாம், நீங்களும் அங்கை நிண்டனீங்களாம். இவர் சொல்லுறார். உண்மையோ?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீ உண்மை என்று ஒரு சொல் வரக் காத்திருந்தாய், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த முறை வெட்கத்தில் சொல்லவில்லை. இந்த முறை கணக்காக யோசித்துச் சொன்னேன். ஓம் என்றால் ஆட்டைத் திவசம் முடிய நீ கலியாணம் கட்டி இவனோடு ரோக்கியோ போய்விடுவாய், காரில்லாமல் பாலும் வாங்க முடியாத இந்த ஊரில், இந்தப் பெரிய வீட்டில் நான் தனியாக இருப்பேன் என்று யோசித்துச் சொன்னேன். "நான் இருக்கேல்லை. அம்மா அப்பிடிச் சொல்லுற ஆளும் இல்லை."

இதற்குள் நவோகிக்கு அந்தளவு தமிழ் விளங்கும். அவன் என்னைப் பார்த்தான். பிறகு பேஸ்மன்ற் படிப் பக்கம் ஒருக்கால் பார்த்தான். பதிவை அழித்துவிட்டவனிடம் என்ன சாட்சி இருக்கிறது? இருந்த ஒரே சாட்சி நான். அவன் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். அடுத்த கிழமை நீ மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சூட்கேசோடு இங்கே மேலே உன் அறைக்கு வந்துவிட்டாய். அன்று நான் உனக்கு இடியப்பமும் சொதியும் செய்து தந்தேன், ஞாபகமா? நீ அழுதுகொண்டே தின்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன். சந்தோசமாக இருந்தேன், பிள்ளை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் அம்மா போனதற்குப் பிறகு நான் நிம்மதியாக நித்திரை கொண்டது அன்றைக்குத்தான்.

அவன் பாட்டை எல்லா இடத்திலும் இருந்து எடுத்துவிட்டான். அது இல்லாமல் தொகுப்பு வேண்டாம் என்று கொம்பனிக்காரர் முழுவதையும் கைவிட்டுவிட்டார்களாம். சொந்தப் பெயரில் வெளிவர இருந்த முதல் வேலை. இப்போது ஜப்பானுக்கே திரும்பிப் போய், லிஃப்ட் கதவு திறக்கிற சத்தமும் மைக்ரோவேவ் முடிகிற சத்தமும் செய்து கொடுக்கிறான் என்று, உன்னோடு வேலை செய்கிற பிள்ளை என்னைக் கடையில் கண்டு சொன்னாள். சோத்துப் பானைக்குப் பாட்டுப் போட்டவன் என்று சிரித்தேனே, அவனை அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டேன். கையிலிருந்த தக்காளியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து காரில் இருந்தேன்.

நேற்றுக் காலை முதலில் பெரியமாமாவுக்குச் சொன்னேன். "நீரும் ஒரு மனுசனோ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். சரியான கேள்வி. பிறகு நவோகிக்கு எடுத்தேன். எடுக்கமாட்டான் என்று நினைத்தேன், எடுத்தான். என் தொழிற்சாலை இங்கிலீசில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்குக் கோபம், அங்கிள்" என்றான். "நிறையக் கோபம். நான் நல்லவன் இல்லை. ஒரு ஸ்பீக்கரை உதைத்து உடைத்தேன். உங்களைப் பற்றி ஜப்பானிய மொழியில் கேவலமாகப் பேசியிருக்கிறேன்." பேசு தம்பி என்றேன். அப்படியென்றால் ஏன் அன்று எனக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

அவன் சொன்னதை நான் இன்னும் முழுதாக விழுங்கவில்லை. ஆசுபத்திரியில் கடைசி நாட்களில் அம்மா அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். "நான் போன பிறகு இந்த மனுசன் பிள்ளையை இறுக்கிப் பிடிக்கும். என்ன செய்தாவது பிடிக்கும். ஒரு வருசம் விட்டுவிடு, நவம், சண்டை பிடிக்காதே, என் திவசம் முடியட்டும், அதற்குப் பிறகு நீ பார்த்துக்கொள்" என்று. அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். நான் என்ன செய்வேன் என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. நான் அவளை ஒருநாள் முழுதாகக் கேட்டதில்லை, அவள் என்னைக் கடைசி வரை கேட்டு வைத்திருக்கிறாள். "வாக்கு ஞாயிற்றுக்கிழமை முடிகிறது" என்றான் நவோகி. "செவ்வாய்க்கிழமை வந்து உங்களோடு கத்துவதற்கு பிளேன் ரிக்கற் எடுத்து வைத்திருக்கிறேன்." செவ்வாய் வேண்டாம், திவசத்துக்கு வா, வந்து எல்லாருக்கும் முன்னால் கத்து என்றேன். ரிக்கற்றை மாற்றிவிட்டான். பாட்டை மறுபடி வெளியே விடச் சொன்னேன். அதை உன்னிடம்தான் கேட்க வேண்டும், நீ வேண்டாம் என்றால் அந்தத் துண்டுகளையும் உன் கையில் தந்துவிடுவதாகச் சொன்னான்.

அவனை மன்னி என்று நான் உனக்குப் புத்தி சொல்லப்போவதில்லை. மன்னிக்க அவன் ஒன்றும் செய்யவில்லை. என்னை என்ன செய்வது என்பதை நீ ஆறுதலாக யோசி, அவசரம் இல்லை. நான் தனியாக இருப்பேனே என்று மட்டும் யோசிக்காதே. எனக்குச் சமைக்கத் தெரியும், கார் ஓட்டத் தெரியும், தனியாக இருக்கத்தான் பயம், அது பழகிவிடும். களவு நடந்தது உண்மை, பிள்ளை. அம்மாவின் குரலை ஒருவரும் எடுக்கவில்லை. உன்னை நான் எடுத்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் அவனுடைய பிளேன் வருகிறது. நான் காரை எடுத்துக்கொண்டு எயர்போட்டுக்குப் போகிறேன். நீயும் வந்தால், வரும் வழியில் நான் வாயைத் திறக்கமாட்டேன், நீங்கள் இரண்டு பேரும் பின்னால் இருந்து கதையுங்கோ. வராவிட்டால் அவன் முன் சீற்றில் இருந்து என்னைத் திட்டிப் பேசிக்கொண்டு வரட்டும். ஸ்ரௌவ்வில் வரை நல்ல தூரம். அவன் சொல்வதற்கு எல்லாம் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவேன்.

அப்பா